ஹாசனிலிருந்து ஒருவர்

2.8.2010, திங்கள்

வருமானச் சான்றிதழ் கூட்டம் ஓய்ந்துவிட்டது. காலையிலிருந்து நாலு ரேஷன் கார்டு, ஒரு கல்யாணப் பத்திரிகை. ஜெராக்ஸ் மெஷினே என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

பொழுது போகாமல் வலைப்பூவை அலங்கரித்தேன். பக்கம் முழுக்கப் பனி கொட்டுகிற மாதிரி ஒரு வித்தையை எங்கிருந்தோ எடுத்து ஒட்டினேன். ஒட்டன்சத்திரத்து ஆடிக் காற்றில் புழுதிதான் கொட்டும். என் பக்கத்திலாவது பனி கொட்டட்டுமே. ஒரு மணி நேரத்தில் தோஹாவிலிருந்து துரையின் பின்னூட்டம்: "அண்ணே, எழுத்தே தெரியல. வழிச்சுப் போட்டுட்டுப் படிக்க வேண்டியிருக்கு." துரையை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு மூலம் இருப்பது வரை எனக்குத் தெரியும். இணையத்தில் நட்பு இப்படித்தான் வளர்கிறது.

வலைப்பூவை ஆரம்பித்துக் கொடுத்தது என் மகள் மேகலா. போன வருடம். "முன்பக்கமா, ரெண்டு பக்கமுமா?" என்று பெயர் வைத்ததும் அவள்தான். கடைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி அது. பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதினவன் எழுதினால் யார் படிப்பார்கள் என்றேன். "நீ பேசுற மாதிரியே எழுதுப்பா" என்றாள்.

ஜூன் மாதம் அவள் வீட்டை விட்டுப் போய்விட்டாள். கம்ப்யூட்டர் சென்டரில் கூட வேலை பார்த்த ஜெகனோடு. ஜெகன் நம்ம ஆட்கள் இல்லை. அந்த ஒரு விஷயத்துக்காக என் மனைவி வசந்தாமணியின் தம்பி ராசப்பன் ஆள் அனுப்பி, "மேகலா ஜெராக்ஸ்" என்ற கடைப் பலகையில் முதல் வார்த்தை மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்தான். இப்போது என் கடையின் பெயர் வெறும் ஜெராக்ஸ்.

அவள் போன அன்று காலை நான் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது. ராசப்பனிடமும், ஸ்டேஷனிலும், சொந்தக்காரர்களிடமும் அதைத்தான் சொன்னேன். இந்த டைரியிலும் அதையே எழுதி வைக்கிறேன்.

4.8.2010, புதன்

பனியை எடுத்தாயிற்று. அதற்குப் பதிலாக வருகைப் பெட்டி ஒன்றை ஓரத்தில் வைத்தேன். டொரண்டோ அக்காவின் சமையல் பக்கத்தில் பார்த்து ஆசைப்பட்டது. நம் பக்கத்துக்கு யார் வந்தாலும் எந்த ஊர், எத்தனை மணி என்று காட்டும். கடைசியாக வந்த பத்துப் பேரைக் காட்டும். "தோஹாவிலிருந்து ஒருவர்." "சிங்கப்பூரிலிருந்து ஒருவர்." கல்யாண வீட்டு வாசலில் நின்று வருகிறவர்களை எண்ணுகிற பெண்ணுடைய அப்பா மாதிரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஏழு தடவை "திண்டுக்கல்லிலிருந்து ஒருவர்" என்று வந்தது. பெருமைப்பட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அது நான். ஒட்டன்சத்திரத்தை அது திண்டுக்கல் என்றுதான் சொல்லுகிறது. என் தீவிர வாசகன் நானே.

ஹாசனிலிருந்தும் ஒருவர். கர்நாடகாவில் உருளைக்கிழங்கு விளைகிற ஹாசன். அங்கே நமக்கு யார்?

5.8.2010

பகலெல்லாம் கரண்ட் இல்லை. வசந்தாமணி இன்றும் என்னிடம் பேசவில்லை. சோறு மட்டும் பேசியது; உப்பு இல்லை.

7.8.2010, சனி

வலைப்பூ எழுதுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் முதலில் பின்னூட்டம் போடுகிறார்களோ அவர்களுக்கு வடை. வடை என்று ஒன்றும் கிடையாது, சும்மா சொல்வதுதான். அந்த இல்லாத வடைக்கு அமெரிக்காவில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறவர்கள் கூட அடித்துக்கொள்வார்கள்.

இன்று காலை பத்து மணிக்கு, பல்செட்டை மெஷின் கண்ணாடி மேல் கழற்றி வைத்துவிட்டுப் போன பெரியவரைப் பற்றி ஒரு பதிவு போட்டேன். போட்ட நிமிடமே முதல் பின்னூட்டம். பெயர் ஸ்டேப்ளர். புது ஆள்.

"வடை எனக்கு. ஓட்டை போட்டதுன்னா வேணாம்."

ஓட்டை போட்ட வடை வேண்டாம் என்பவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? எனக்குத் தெரிந்து ஒரே ஒரு ஆள். நாலு வயதில், நடுவில் யாரோ கடித்துவிட்டார்கள் என்று ஓட்டலையே இரண்டாக்கி அழுத ஆள். அன்றிலிருந்து பருப்பு வடைதான்.

வருகைப் பெட்டியைப் பார்த்தேன். பத்து மணி ஒரு நிமிடம். ஹாசனிலிருந்து ஒருவர்.

கண்ணில் டோனர் தூள் விழுந்துவிட்டது. கடையைச் சீக்கிரமே சாத்தினேன்.

11.8.2010, புதன்

இப்போதெல்லாம் பதிவு போடுவது தினமும் பத்து மணிக்கு. எழுத விஷயம் இல்லாவிட்டாலும் போடுகிறேன். நேற்று என் செருப்பு அறுந்தது பற்றி எழுதினேன். இன்று அதைத் தைத்தது பற்றி. "அண்ணே, நாளைக்கு இன்னொரு கால் செருப்பா?" என்று துரை கேட்கிறார். அவருக்கு என்ன தெரியும்.

தினமும் ஸ்டேப்ளருக்கே வடை. தினமும் ஹாசன். இன்று, "அறுந்தா ஊக்கு போட்டுக்கலாமே" என்று எழுதியிருந்தது. அன்று அவள் தூக்கிய நீலப் பையின் ஜிப்பும் அறுந்துதான் கிடந்தது. நான் போட்ட ஊக்கு பஸ் ஏறும் வரையாவது தாங்கியது.

மேலே உள்ள வரியை அடித்துவிட வேண்டும். கடையில் வைத்து எழுதுகிற டைரி.

வசந்தாமணி சாப்பாடு போடும்போது என் முகத்தையே பார்த்தாள். சிரித்துத் தொலைத்துவிட்டேன் போல. "என்ன இளிப்பு?" என்றாள். ஒன்பது வாரத்துக்கு அப்புறம் அவள் பேசிய முதல் வார்த்தை. செருப்பு தைத்ததைச் சொன்னேன். நம்பவில்லை. அவள் ராசப்பனுக்கு அக்கா. எனக்குப் பெண்டாட்டி ஆவதற்கு முன்னாலிருந்தே அக்கா. அவள் முன்னால் சிரிக்கக் கூடாது.

14.8.2010, சனி

ஒன்று சரியில்லை.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு நான் வீட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். கடை பூட்டியிருந்தது. ஆனால் பெட்டியில் ஒன்றரை மணிக்கு, ஒன்று நாற்பதுக்கு, ஒன்று ஐம்பதுக்கு, "திண்டுக்கல்லிலிருந்து ஒருவர்." எந்தப் பக்கத்தைப் படித்தார் என்றும் காட்டுகிறது. மேகலா காலேஜ் சேர்ந்த அன்று எழுதியது. மேகலா ஸ்கூட்டி ஓட்டிப் பழகியது. மேகலாவுக்குப் பிடிக்காத கத்தரிக்காய். பழைய பதிவுகளை வரிசையாக ஒவ்வொன்றாகத் திறந்து படித்திருக்கிறார்.

ஒரு பின்னூட்டம் கூடப் போடாமல்.

16.8.2010, திங்கள்

யார் என்று தெரிந்துவிட்டது. தேடவே வேண்டியதில்லை, அவனே வந்து சொன்னான்.

ராசப்பனுக்குக் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் மண்டி. சாயங்காலம் வந்து வழக்கம்போல என் போனைக் கேட்டு வாங்கி, யாரெல்லாம் கூப்பிட்டார்கள் என்று பார்த்தான். ஜூன் மாதத்திலிருந்து இதுதான் நடைமுறை. சிரித்துக்கொண்டேதான் செய்வான். நானும் சிரித்துக்கொண்டேதான் கொடுப்பேன். தூரத்திலிருந்து பார்த்தால் மாமனும் மச்சானும் என்ன ஒற்றுமை என்று தோன்றும்.

"மண்டிக்குக் கம்ப்யூட்டர் வாங்கியாச்சுங்க மாமா. நெட்டும் போட்டாச்சு. ரேட்டெல்லாம் உக்காந்த எடத்துலயே பாத்துக்கலாம்."

"நல்லது மாப்ள."

"உங்க கதையெல்லாம் படிச்சனுங்க. சிரிப்பா எழுதறீங்க. இத்தன நாளு எனக்குச் சொல்லவே இல்ல பாருங்க."

"அது சும்மா மாப்ள, வேலையத்த வேல."

"இல்லீங்க மாமா. நெறைய விஷயம் இருக்குது அதுல."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். வாங்கும்போது போன் வழுக்கிக் கீழே விழுந்தது.

17.8.2010

பெட்டியை இன்றே எடுத்துவிடலாம். ஆனால் அவன் பார்த்ததற்கு மறுநாளே எடுத்தால், எதை மறைக்கிறேன் என்று நானே விரலால் தொட்டுக் காட்டின மாதிரி. எடுக்காவிட்டால் தினமும் பத்து மணிக்கு வடையும் ஹாசனும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். ஊர்ப் பெயரை எழுதி வாசலில் மாட்டினவன் நான்தான். அழகுக்காக.

இன்று பதிவு போடவில்லை. பத்து மணிக்கு ஹாசன் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. பத்து ஐந்துக்கு மறுபடியும். பத்து இருபதுக்கு மறுபடியும்.

வராதே என்று எப்படிச் சொல்லுவேன்?

19.8.2010, வியாழன்

"மாமா, ஹாசன்ல உங்களுக்கு யாருங்க?"

நான் ஒரு பத்திரத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கம் கோணலாக விழுந்தது.

"எனக்கென்ன தெரியும் மாப்ள. யாராவது வேலைக்குப் போன ஆளா இருக்கும்."

"டெய்லி பத்து மணிக்குக் கரெக்டா வர்றாங்களே. வடையெல்லாம் கேக்கறாங்க." ஸ்டேப்ளரை எடுத்து ஒரு வெற்றுத் தாளில் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே பேசினான். "செவ்வாக்கெழமை நம்ம வண்டி கெழங்கு ஏத்த ஹாசன் போகுதுங்க. இந்தத் தடவ நானே போலாம்னு இருக்கேன். அங்க பிரவுசிங் சென்டர் எத்தன இருந்துறப் போகுது, ஒரு அஞ்சாறு? கூட ரெண்டு பேர் வர்றாங்க."

"ரெண்டு பேரா?"

"மூட்டை தூக்கறதுக்குங்க."

ஹாசன் மண்டியில் மூட்டை தூக்க ஆளா இல்லை?

"பிள்ளைய பேசிக் கூட்டிட்டு வரணுமில்லீங்க" என்றான். ராசப்பனின் பெரியப்பா மகள் ஒருத்தியையும் இப்படித்தான் பேசிக் கூட்டிவந்தார்கள். ஒரே வாரத்தில் வயிற்றுவலி என்று சொல்லி அவசரமாக எரித்துவிட்டார்கள். எரிக்கப் போனவர்களில் நானும் ஒருவன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அவன் போன பிறகு பார்த்தால் அந்தத் தாள் முழுக்கப் பின்.

20.8.2010

கடைக்கு வந்த ஒரு பெண்ணிடம் "முன்பக்கமா, ரெண்டு பக்கமுமா" என்று மூன்று தடவை கேட்டேனாம்.

21.8.2010, சனி

அவளுக்கு மெயில் அனுப்பலாம் என்றால் விலாசம் தெரியாது. போன் வேண்டாம், மெயில் வேண்டாம், எழுது, நான் படிக்கிறேன் என்றுதான் அவள் போகும்போது பேச்சு. என்னிடம் இருப்பது அந்தப் பக்கம் ஒன்றுதான். அதில் நான் எழுதுகிற ஒவ்வொரு எழுத்தையும் ராசப்பனும் படிக்கிறான்.

மெஷின் முன்னால் நின்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அவன் படித்தால் என்ன? அவனே சொன்ன விஷயத்தை, அவனைப் புகழ்ந்து, அவன் படத்தோடு போட்டால் அவன் என்ன சொல்ல முடியும்?

ஒரே பதிவில் ஆளாளுக்குப் பின்னூட்டமாகக் கொட்டிக் கலாட்டா செய்வதற்கு எங்களுக்குள் கும்மி என்று பெயர். துரைக்கும் டொரண்டோ அக்காவுக்கும் மெயில் போட்டேன். "நாளை ஒரு பதிவு வரும். பெரிய கும்மி வேண்டும். எல்லோரும் வந்து ஹாசன் போகும் என் மைத்துனரை வாழ்த்துங்கள். காரணம் கேட்காதீர்கள்."

துரை: "எவ்வளவு பெருசுண்ணே? நம்ம லேபர் கேம்ப்ல மொத்தம் அறுபது பேர் இருக்கோம்."

அக்கா: "காரணம் கேட்கல தம்பி. எனக்கும் தாய்மாமன் உண்டு. நான் டொரண்டோ வந்தது சமையல் எழுதறதுக்கு இல்லை."

இந்த ஒரு வருடமாக அவர் ரசப்பொடியைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறார்.

22.8.2010, ஞாயிறு

படம் ஏற்கெனவே இருந்தது, ஸ்கேன் மட்டும் செய்தேன். பொங்கலுக்கு மண்டி வாசலில் லாரி முன்னால் மாலையோடு நிற்கிறான். லாரி நம்பரும் தெளிவாக விழுந்திருக்கிறது. மெஷினுக்குத் தொழில் அதுதானே, எல்லாவற்றையும் தெளிவாக எடுப்பது.

"ஹாசன் செல்கிறார் எங்கள் மைத்துனர்" என்று தலைப்பு. செவ்வாய்க்கிழமை காலை ஊர் கிளம்புகிறார், புதன், வியாழன் ஹாசனில் இருப்பார், கூட இரண்டு உதவியாளர்கள், கர்நாடக உருளைக்கிழங்குகளே உஷார் என்று ஒன்றரைப் பக்கம். என் வாழ்க்கையில் இவ்வளவு பயந்துகொண்டு நகைச்சுவை எழுதியதில்லை.

ஏற்றும்போது சரியாகக் கரண்ட் போயிற்று. யூ.பி.எஸ். பீப் பீப் என்று கத்த, படம் பாதி ஏறியிருந்தது. ராசப்பனின் தலை மட்டும் திரையில். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் என்றேன், படம் மார்பு வரை வந்தது. இரண்டு தேங்காய் என்றேன். லாரி நம்பர் வரை ஏறிய பிறகுதான் யூ.பி.எஸ். உயிரை விட்டது.

23.8.2010, திங்கள்

காலையில் திறந்தால் இருநூற்றுச் சொச்சம் பின்னூட்டம். "அண்ணாச்சி வாழ்க." "ஹாசனே வருக என்கிறது." "லாரி நம்பர் நோட் பண்ணிட்டோம், வழியில் கை காட்டுவோம்." மலேசியா, மஸ்கட், மாயவரம். பெட்டி ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை புரண்டது. எந்த ஊரும் நிற்கவில்லை; ஹாசன் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்டேப்ளரைக் காணோம்.

நடுவில் ஒரு பின்னூட்டம். "நான் ஹாசனில் பன்னிரண்டு வருடமாக டைல்ஸ் ஒட்டுகிறேன். ஊர் வேடசந்தூர். உங்கள் எழுத்தைப் பேசாமல் படித்துக்கொண்டிருப்பவன். மைத்துனரை மார்க்கெட் வாசலிலேயே வந்து வரவேற்கிறேன். கருணாகரன்." கீழே போன் நம்பர்.

அப்படியானால் இவ்வளவு நாளும் வந்த ஹாசன் இந்த ஆளா? ஒரு டைல்ஸ்காரருக்காகவா நான் பத்து மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்?

பதினோரு மணிக்கு ராசப்பன் வந்தான். சிரிப்பில்லை.

"எம் படத்த எதுக்குப் போட்டீங்க?"

"உனக்கு எவ்வளவு வாழ்த்து வந்திருக்கு பாத்தியா மாப்ள? கத்தார்ல கூட உன்னத் தெரியும் இப்ப."

"வண்டி நம்பர் தெரியுது."

"மாலை போட்ட வண்டி மாப்ள, லட்சணமா இருந்துச்சு."

என்னையே பார்த்தான். நான் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மாதிரி அசையாமல் நின்றேன். மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே தாள் இல்லை.

"ஊரு பூரா பாக்கற மாதிரி அனுப்பி வைக்கறீங்க" என்றான் மெதுவாக. "சரிங்க மாமா. போயிட்டுத்தான் வர்றேன்."

24.8.2010

போய்விட்டான்.

25.8.2010

ஸ்டேப்ளர் இல்லை. படித்தாளா, படிக்கவில்லையா? படித்துவிட்டுத்தான் போனாளா, படிக்காமல் பிடிபட்டாளா? எழுதக் கை வரவில்லை. வசந்தாமணி சாமி படத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் யாருக்காக வேண்டுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. தம்பிக்காகவா?

26.8.2010

ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் எழுந்து வாசலுக்குப் போனேன். பைபாஸை ஒட்டி வீடு கட்டினது என் புத்திசாலித்தனம்.

27.8.2010, வெள்ளி

காலை ஏழு மணிக்கு ராசப்பனின் லாரி வாசலில் வந்து நின்றது. நான் இறங்கியவர்களை எண்ணினேன். அவன், இரண்டு பேர், டிரைவர். மறுபடியும் எண்ணினேன். வேறு யாரும் இல்லை.

ஒரு மூட்டைக் கிழங்கைத் தூக்கித் தொம்மென்று நடு வீட்டில் போட்டான்.

"அந்தக் கருணாகரன்னு ஒரு ஆளு" என்றான் அவன் அக்காவிடம். "ரெண்டு நாளும் அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டான். மார்க்கெட்டுல பத்துப் பேரக் கூட்டிட்டு வந்து மாலை போடறான். எங்க திரும்பினாலும் போட்டோ எடுக்கறான். பிரவுசிங் சென்டருக்குப் போனா அங்கயும் கூடவே வர்றான். டெய்லி பத்து மணிக்குப் படிக்கறது நாந்தாங்கறான். வடையும் அவந்தானாம். தாடி வெச்சுக்கிட்டு வடை கேக்கறான்."

"காப்பி குடிக்கறயா?" என்றாள் வசந்தாமணி.

"வேணாங்க்கா." என் பக்கம் திரும்பினான். "இன்னும் தேடத்தான் போறேன் மாமா. ஹாசன் ஒண்ணுதான் ஊரா?"

அவன் போன பிறகு மூட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

28.8.2010, சனி

கருணாகரனிடமிருந்து மெயில்.

"ஐயா, தினமும் பத்து மணிக்குப் படிப்பது நான்தான் என்று உங்கள் மைத்துனரிடம் சொன்னேன். உண்மையில் நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் படிப்பேன், மற்ற நாள் வேலை. அவர் ஒரு பெண்ணின் படத்தைக் காட்டியதையும் கூட வந்த ஆட்களையும் பார்த்தபோது அப்படிச் சொல்லத் தோன்றியது. அந்தப் பிள்ளையைப் பார்த்ததே இல்லை என்றும் சொல்லிவிட்டேன். மேற்கொண்டு என்னிடம் எதுவும் கேட்க வேண்டாம். உங்களுக்குத் தெரியாமல் இருப்பது நல்லது. பல்செட் பதிவு அருமை."

நான்கு தடவை படித்தேன். பிறகு அழித்துவிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. "நன்றி" என்று மட்டும் எழுத எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

வருகைப் பெட்டியையும் எடுத்துவிட்டேன். இனிமேல் யார் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று எனக்கே தெரியாது. ஓரத்தில் காலி இடம் தெரிகிறது. பனியைத் திரும்பக் கொட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

30.8.2010, திங்கள்

இனிமேல் பதிவு போடுவதில் நேரம் காலம் கிடையாது. ஒருநாள் காலை, ஒருநாள் மத்தியானம். இன்று நாலரைக்குப் போட்டேன். ஒரு மூட்டைக் கிழங்கை என்ன செய்வது என்று வாசகர்களிடம் யோசனை கேட்டு.

வடை துரைக்குப் போயிற்று. பிறகு டொரண்டோ அக்கா, பிறகு சிங்கப்பூர், பிறகு தெரியாத பெயர்கள். ராசப்பனும் எங்கோ உட்கார்ந்து படித்துக்கொண்டுதான் இருப்பான். அரை மணிக்கு ஒரு தடவை திறந்து பார்த்தேன். கடை சாத்துகிற நேரம் கடைசியாக ஒரு தடவை. பத்தொன்பதாவது பின்னூட்டம். பெயரில்லாத ஆள்.

"போண்டா போடுங்க. அதுல ஓட்டை இருக்காது."

கம்ப்யூட்டரை அணைத்தேன். ஷட்டரை இறக்கினேன். பூட்டைப் போட இரண்டு தடவை ஆயிற்று.

வீட்டில் வசந்தாமணி கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"வந்தாளா?"

இத்தனை வாரமும் நான் இவளுக்குப் பயந்துதான் சிரிப்பை அடக்கியிருந்தேன்.

"போண்டா போடச் சொல்றா" என்றேன்.

அவள் எழுந்து போய் எண்ணெயை அடுப்பில் வைத்தாள்.